கொம்பெர்ட்ஸின் கணக்கில் சேராத எலி

மரணத்துக்கு வாய்ப்பாடு எழுதியவர் ஒரு காப்பீட்டுக் கணிதர் என்பதில் வியப்பதற்கு ஏதுமில்லை. பெஞ்சமின் கொம்பெர்ட்ஸ் லண்டனில் வாழ்ந்த யூதர். அக்காரணத்தாலேயே அன்றைய இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்கள் அவருக்குக் கதவைத் திறக்கவில்லை. தாமே கற்றுக் கணிதரானார். அலையன்ஸ் காப்பீட்டு நிறுவனத்தில் ஆயுட்கணக்கராக அமர்ந்தார். எந்த வயதுக்காரரிடம் எவ்வளவு தவணை வாங்கினால் நிறுவனம் நொடிக்காமல் இருக்கும் என்பதே அவர் முன்னிருந்த கேள்வி. அதற்கு விடை தேடப் புகுந்தவர், 1825-இல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் ஒரு விதியை வெளியிட்டார். வளர்ந்த மனிதர் இறக்கும் வாய்ப்பு வயதோடு மெல்ல மெல்லக் கூடுவதில்லை. வட்டிக்கு வட்டி போல, குறித்த இடைவெளிக்கொருமுறை இருமடங்காகப் பெருகுகிறது என்பதே அவ்விதி. இன்றைய கணக்கில் அந்த இடைவெளி மனிதர்க்கு ஏறத்தாழ 8 ஆண்டுகள். 30 வயதில் இருக்கும் ஆபத்து 38-இல் இரண்டு மடங்கு, 46-இல் நான்கு மடங்கு, 54-இல் எட்டு மடங்கு.

நாய்க்கும் குதிரைக்கும் சுண்டெலிக்கும் இதே விதிதான். இருமடங்காகும் கால இடைவெளி மட்டுமே வேறு. முதுமை என்று நாம் வழங்கும் சொல்லுக்கு உயிரியலில் ஓர் எண் வடிவம் உண்டென்றால் அது இதுவே. நரையும் திரையும் முதுமையின் அடையாளங்கள். கொம்பெர்ட்ஸின் ஏறுகோடு அதன் அளவுகோல்.

ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் கழித்து, 2018-இல், இந்தக் கோடு ஏறாத ஒரு பாலூட்டி இருக்கிறது என்று ஓர் ஆய்வுக் கட்டுரை அறிவித்தது. அந்தப் பாலூட்டி, ஆப்பிரிக்காவின் கொம்பு எனப்படும் எத்தியோப்பியா, சோமாலியா, கென்யா நாடுகளின் வறண்ட மண்ணுக்கடியில் வாழும் ஒரு சிறு விலங்கு. ஆங்கிலத்தில் ‘நேக்கட் மோல் ராட்’ என்பர். நாம் இங்கே அகழெலி என்றே குறிப்பிடுவோம். இந்த விலங்கு நெடுநாள் வாழ்கிறது என்பதை நாம் எப்படி அறிந்துகொண்டோம், அந்த அறிதல் எந்த அளவுக்கு உறுதியானது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

*

பிராங்க்பர்ட் நகரத்து இயற்கையியலாளர் எடுவார்ட் ரூப்பெல் 1830-களின் தொடக்கத்தில் அபிசீனியாவில் பயணம் செய்தவர். 1842-இல் அவர் இந்த விலங்குக்கு ‘ஹெட்டரோசெபாலஸ் கிளாபர்’ என்று பெயரிட்டார். வேறுபட்ட தலையுடைய, மழமழத்த உடலினது என்பது பொருள். சுருங்கிய இளஞ்சிவப்புத் தோல், கண் என்று சொல்லத்தக்க இரு புள்ளிகள், உதடு மூடிய பின்னும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பற்கள். இது முழு வளர்ச்சி பெற்ற விலங்குதானா, அல்லது ஏதேனும் நோயால் மயிர் உதிர்ந்ததா என்ற ஐயம் எழுந்ததில் வியப்பில்லை. 1885-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஓல்ட்ஃபீல்ட் தாமஸ், சோமாலி நிலத்திலிருந்து வந்த மாதிரிகளை ஆராய்ந்து எழுதினார். இந்த விலங்கின் இயல்பான தோற்றமே இதுதான் என்பது நிலைபெற்றது. பெயரில் எலி இருந்தாலும் உறவில் இது முள்ளம்பன்றிக்கும் கினிப்பன்றிக்கும் நெருக்கமானது.

அதன்பின் பல பத்தாண்டுகள் அகழெலியை யாரும் பொருட்படுத்தவில்லை. மண்ணுக்கடியில் வாழும் ஒன்றைப் பார்ப்பதே அரிது. பிடித்துக் கூண்டில் வளர்ப்பது அதனினும் அரிது. 1967-இல் நைரோபியில் முனைவர் பட்டத்துக்காக ஜெனிஃபர் ஜார்விஸ் இவ்விலங்குகளைச் சேகரிக்கத் தொடங்கினார். ஒரு கூட்டத்தில் எத்தனை பெண் விலங்குகள் இருந்தாலும் ஒன்று மட்டுமே குட்டி போடுகிறது என்னும் விந்தை அவரை உறுத்தியது.

இதே காலத்தில், அகழெலியைக் கண்ணால் கண்டிராத ஒருவர் அதைக் கற்பனையில் உருவாக்கிக்கொண்டிருந்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் அலெக்ஸாண்டர் பூச்சியியலில் தொடங்கிப் பரிணாமக் கோட்பாட்டுக்கு வந்தவர். எறும்புக்கும் தேனீக்கும் கரையானுக்கும் அரசியும் மலட்டு ஊழியரும் இருக்க, முதுகெலும்பிகளில் ஏன் அப்படி ஒன்றும் இல்லை என்பது அவருடைய கேள்வி. இருந்தால் எப்படி இருக்கும் என்று அவர் வகுப்புகளில் விரித்துரைப்பார்: வெப்ப நிலத்தில், இறுகிய களிமண்ணுக்கடியில், பெருங்கிழங்குகளைத் தின்று வாழும், ஊழியர்கள் பாம்பை எதிர்த்துப் போராட வேண்டியிருக்கும். 1976-இல் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தில் அவர் இப்படிப் பேசியபோது, அவையில் இருந்த பாலூட்டியியலாளர் டெர்ரி வான், நீங்கள் சொல்வது அகழெலியின் அப்பட்டமான வருணனை என்று கூறி, அலெக்ஸாண்டரை ஜார்விஸிடம் ஆற்றுப்படுத்தினார். 1981-இல் ‘சயன்ஸ்’ இதழில் ஜார்விஸின் கட்டுரை வெளிவந்தது. ஒரே அரசி, ஒன்று முதல் மூன்று வரை ஆண் துணைகள், மற்றவரெல்லாம் ஊழியர். பாலூட்டிகளில் கரையான் புற்றை ஒத்த சமூகம் ஒன்று உண்டு என்பதை அக்கட்டுரை நிறுவியது.

நிற்க. இதுவரை நாம் சொன்ன கதையில் நீள்வாழ்வு என்ற சொல்லே வரவில்லை. அதைத் தேடி எவரும் போகவில்லை.

*

ஆய்வுக்கூட விலங்கின் ஆயுளை முடிப்பது பெரும்பாலும் ஆய்வாளரே. சோதனை முடிந்ததும் விலங்கின் வாழ்வும் முடியும். அகழெலிக்கு அந்த விதி முழுமையாகப் பொருந்தவில்லை. கூட்டமே ஆய்வுப் பொருள் என்பதால் அதைக் கலைக்க முடியாது. அரசியைக் கொன்றால் வாரிசுப் போர் மூளும். ஆகவே கேப் டவுன் பல்கலைக்கழகத்துக்குப் பெயர்ந்த ஜார்விஸ், 1980-வாக்கில் கென்யாவிலிருந்து கொண்டுவந்த விலங்குகளைப் பல ஆண்டுகள் அப்படியே பேணிவந்தார். அவரிடம் மாணவியாகச் சேர்ந்த ரொஷெல் பஃபன்ஸ்டீன் முதலில் ஆராய்ந்தது முதுமையை அன்று. வெயிலே படாத இவ்விலங்குக்கு டி வைட்டமின் எப்படிக் கிடைக்கிறது என்பதை.

ஆண்டுகள் போயின. 35 கிராம் அளவே எடையுள்ள சுண்டெலி கூண்டில் மூன்றாண்டைத் தாண்டுவதே அரிது. ஆனால் அதே எடையுள்ள இந்த விலங்குகள் பத்து வயதிலும் சுரங்கம் தோண்டின, இருபதிலும் தோண்டின. அரசிகள் இருபது வயதைக் கடந்தும் குட்டி போட்டன. எந்த விலங்கு எந்த ஆண்டில் பிறந்தது என்ற குறிப்பு இருந்ததால் மட்டுமே இது புலப்பட்டது. 2002-இல் பஃபன்ஸ்டீனும் ஜார்விஸும் 26 வயதைக் கடந்த விலங்குகளைப் பற்றி எழுதி, கொறிணிகளில் இதுவே நெடிது வாழ்வது என அறிவித்தனர். பின்னர் அந்த எல்லை 30-ஐத் தாண்டி, 37-ஐயும் கடந்தது.

உடல் பெருத்த விலங்கு நெடிது வாழும், சிறுத்தது விரைவில் மடியும் என்பது பாலூட்டிகளுக்குப் பொதுவாகப் பொருந்தும் விதி. அவ்விதிப்படி அகழெலிக்குக் கிடைக்க வேண்டிய ஆயுள் ஆறு ஆண்டு அளவில். அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் அது வாழ்கிறது. இதனால் ஆய்வுலகில் அதன் இடமே மாறிற்று. சமூக வாழ்வின் விந்தையாக இருந்தது, இப்போது முதுமையின் புதிராயிற்று.

*

புதிருக்கு விடை சொல்லக் கோட்பாடுகள் ஏற்கனவே காத்திருந்தன. அவை ஒவ்வொன்றும் இந்த விலங்கிடம் வந்து மோதியதே அடுத்த இருபதாண்டுகளின் வரலாறு.

முதலாவது, வேகமாய் எரியும் விளக்கு விரைவில் அணையும் என்ற கருத்து. ஜெர்மானிய உடலியலாளர் மாக்ஸ் ரூப்னர் 1908-இலும், அமெரிக்கரான ரேமண்ட் பேர்ல் 1928-இலும் இதைக் கோட்பாடாக்கினர். ஒரு கிராம் உடல், ஆயுள் முழுவதும் செலவழிக்கக்கூடிய ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு என்பது சாரம். அகழெலியின் வளர்சிதைமாற்றம் அதன் எடைக்கு எதிர்பார்ப்பதைவிடச் சற்றுக் குறைவுதான். ஆயினும் அதன் நெடிய ஆயுள் முழுவதையும் கூட்டிப்பார்த்தால், ஒரு கிராமுக்கு அது செலவழிப்பது சுண்டெலியைவிடப் பன்மடங்கு. விளக்கு மெதுவாக எரிவதால் மட்டும் இவ்வளவு எண்ணெய் வந்துவிடாது.

இரண்டாவது, துருவின் கோட்பாடு. 1956-இல் டென்ஹம் ஹார்மன் முன்வைத்தது. உயிரணு மூச்சுவிடும்போது உண்டாகும் கட்டற்ற மூலக்கூறுகள் புரதத்தையும் கொழுப்பையும் மரபணுவையும் அரிக்கின்றன, அந்த அரிப்பின் திரட்சியே முதுமை என்றார் அவர். இன்றும் மருந்துக்கடைகளில் விற்கும் ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரைகளின் பூர்வீகம் இக்கோட்பாடே. அப்படியெனில் அகழெலியின் உடலில் துரு குறைவாக இருக்க வேண்டும். 2006-இல் பஃபன்ஸ்டீன் குழு அளந்து பார்த்தது. இளம் அகழெலியிடம்கூடச் சுண்டெலியிடம் உள்ளதைவிட அதிகச் சிதைவே தென்பட்டது. துரு ஏறிய உடலோடு அது பல பத்தாண்டுகள் நலமாக வாழ்கிறது. சிதைவே முதுமை என்ற எளிய சமன்பாட்டுக்கு இது கடும் அடி. சிதைவு எவ்வளவு என்பதைவிட, அதை உடல் எப்படித் தாங்குகிறது, எதைப் பழுதுபார்க்கிறது என்பதே கேள்வி என்றாயிற்று.

மூன்றாவது, பரிணாமக் கோட்பாடு. 1950-களில் பீட்டர் மெடவாரும் ஜார்ஜ் வில்லியம்ஸும் வளர்த்தெடுத்தது. பருந்தும் பூனையும் நாளும் துரத்தும் விலங்கின் உடலை நூறாண்டுக்குக் கட்டிவைப்பதால் இயற்கைத் தேர்வுக்குப் பயன் ஏதும் இல்லை. பாதுகாப்பான இடத்தில் வாழும் விலங்குக்கு நெடிய ஆயுள் பயன்படும். 1997-இல் லாரன்ட் கெல்லரும் மிஷேல் ஜெனூவும் எறும்பரசிகளின் வியத்தகு ஆயுளை இவ்வாறே விளக்கினர். புற்றின் ஆழத்தில் இருக்கும் அரசியை எதிரி எளிதில் எட்ட முடியாது. அகழெலியின் சுரங்கத்துக்கும் இது பொருந்துகிறது. மூன்றில் இதுவே இன்றும் நிற்பது. ஆனால் இது ஏன் என்பதைச் சொல்லுமேயன்றி, எப்படி என்பதைச் சொல்லாது.

எப்படி என்ற கேள்வியில் பெரும் ஆரவாரத்தை எழுப்பியது புற்றுநோய். ஆயிரக்கணக்கான விலங்குகளைப் பல்லாண்டுகள் கவனித்தும் ஒரு கட்டிகூடத் தென்படவில்லை என்ற செய்தி பரவியிருந்தது. ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் வேரா கோர்புனோவாவும் ஆண்ட்ரே செலுவானோவும் அகழெலியின் உயிரணுக்களை வளர்த்தபோது, வளர்ப்புத் திரவம் பாகுபோல் கெட்டிப்பட்டுக் குழாய்களை அடைத்தது. அந்தப் பாகு ஹயலூரோனன். முகப்பூச்சுகளில் சேர்க்கப்படும் அதே பொருள். ஆனால் அகழெலியிடம் இருப்பதன் மூலக்கூறு, மனிதரிடமும் சுண்டெலியிடமும் இருப்பதைவிட ஐந்து மடங்குக்கு மேல் பெரிது. இதுவே புற்றுநோயைத் தடுக்கிறது என்று 2013-இல் ‘நேச்சர்’ இதழில் அவர்கள் எழுதினர். அவ்வாண்டின் முதுகெலும்பி என்று ‘சயன்ஸ்’ இதழ் அகழெலிக்கு மகுடம் சூட்டியது.

மகுடம் ஏறிய பின்னரே சங்கடங்கள் தொடங்கின. 2016-இல், விலங்குக் காட்சியகங்களில் வளர்ந்த இரு அகழெலிகளில் புற்றுநோய் கண்டது பதிவாயிற்று. 2020-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், சுண்டெலியின் உயிரணுவைப் புற்றாக்கும் அதே மரபணுக்கள் அகழெலியின் உயிரணுவையும் புற்றாக்க வல்லவை என்று காட்டினர். தற்காப்பு உயிரணுவுக்குள் இல்லையென்றால், அதைச் சூழ்ந்த உடலில்தான் இருக்க வேண்டும். மறுபக்கம், 2023-இல் ரோச்செஸ்டர் குழு ஹயலூரோனனை உண்டாக்கும் அகழெலி மரபணுவைச் சுண்டெலிகளில் புகுத்தியது. அவற்றிற்குப் புற்றுநோய் குறைந்தது. இடைநிலை ஆயுள் 4.4 விழுக்காடு கூடியது. இது மெய்யான முன்னேற்றம்தான். ஆனால் பத்து மடங்கு வேறுபாட்டை விளக்கப் புகுந்த மூலக்கூறு 4.4 விழுக்காட்டை மட்டுமே தந்தது என்பதையும் சேர்த்தே நாம் வாசிக்க வேண்டும். 2025-இல் ஷாங்காய் ஆய்வாளர்கள், மரபணுப் பழுதுபார்ப்போடு தொடர்புள்ள ஒரு புரதத்தில் நான்கு அமினோ அமிலங்களின் மாற்றமே பழுதுபார்ப்பைப் பெருக்குகிறது என்று கண்டனர். ஒற்றைச் சாவி ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கை மெல்லக் கரைந்து, சிறுசிறு சாவிகள் பல இருக்கின்றன என்ற எண்ணம் அவ்விடத்தில் வந்து அமர்கிறது.

*

இனி 2018-க்கு வருவோம். கூகுள் நிறுவனம் 2013-இல் முதுமை ஆராய்ச்சிக்கென்று தொடங்கிய காலிகோவில் அப்போது பஃபன்ஸ்டீன் பணியாற்றிக்கொண்டிருந்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்து நியூயார்க், டெக்சாஸ், கலிபோர்னியா என அவர் பெயர்ந்த இடமெல்லாம் விலங்குகளும் பெயர்ந்தன, பதிவேடுகளும் பெயர்ந்தன. அப்பதிவேடுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் இருந்தன. கிரகாம் ரூபி, மேகன் ஸ்மித் ஆகியோருடன் சேர்ந்து அவர் அவற்றைக் கொம்பெர்ட்ஸின் கோட்டில் பொருத்திப்பார்த்தார். ஆறு மாதத்தில் பருவமடையும் அகழெலி ஒரு நாளில் இறக்கும் வாய்ப்பு, ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒன்று. ஐந்து வயதிலும் அதுவே; பதினைந்திலும் அதுவே; இருபத்தைந்திலும் அதுவே. கோடு ஏறவில்லை.

இதன் பொருளை நாம் சரியாக வாங்கிக்கொள்ள வேண்டும். அகழெலி சிரஞ்சீவி அன்று. பத்தாயிரத்தில் ஒன்று என்ற வாய்ப்பு நாள்தோறும் தொடர்ந்தால், ஏறத்தாழ 19 ஆண்டுகளில் கூட்டம் பாதியாகும்; 38 ஆண்டுகளில் கால்வாசியாகும். அது சாகும், ஆனால் வயதானதால் சாவதில்லை. கண்ணாடிக் குவளை உடைவதைப் போன்றது அந்தச் சாவு. பழையதானதால் குவளை உடைவதில்லை. கை தவறியதால் உடைகிறது.

மறுப்பு விரைவிலேயே வந்தது. 2019-இல் பிலிப் டாமன் உள்ளிட்ட ஐரோப்பிய ஆய்வாளர்கள், மிக முதிய வயதை எட்டிய விலங்குகள் தரவில் மிகச் சிலவே என்று சுட்டிக்காட்டினர். முப்பதாண்டு வாழும் விலங்குக்கு, இருபதுக்குப் பிறகுதான் முதுமை தொடங்குமெனில், அதைக் காண அந்த வயதுக்காரர் ஏராளமானோர் வேண்டும். பதிவேட்டின் பெரும்பகுதியோ பிற்காலத்தில் பிறந்த இளையவை; சோதனைக்காகக் கொல்லப்பட்டவை; வேறிடம் அனுப்பப்பட்டவை. எண்பது வயதுக்காரர் இல்லாத ஊரில் எவரும் எண்பதில் சாவதில்லை என்று சொல்வதில் பொருளில்லை. நியாயமான வாதம். ஐந்தாண்டுகள் கழித்து, இருமடங்கான தரவோடு ரூபி, ஸ்மித், பஃபன்ஸ்டீன் மூவரும் மீண்டும் வந்தனர். கோடு இன்னமும் ஏறவில்லை என்பதே அவர்கள் முடிவு.

ஆனால் வேறொரு கடிகாரம் வேறு மாதிரி சொல்கிறது. மரபணுவின் மீது வயதோடு சேரும் வேதிக் குறிகளை வைத்து உடலின் வயதைக் கணிக்கும் முறை ஒன்று இப்போது உண்டு. 2021, 2022-இல் வெளிவந்த ஆய்வுகளின்படி அந்தக் கடிகாரம் அகழெலியிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அரசிகளில் மட்டும் மெதுவாக ஓடுகிறது. ஆக, இறப்பு வாய்ப்பு கூடவில்லை என்பதும் உடல் மாறவில்லை என்பதும் ஒன்றல்ல.

கூண்டுக்கு வெளியே கதை இன்னும் மாறுகிறது. கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில் ஸ்டான் பிராடும் உடனிருந்தோரும் பல ஆண்டுகள் விலங்குகளைக் குறியிட்டுக் கண்காணித்தனர். காட்டில் ஊழிய அகழெலி இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் தென்படுவது அரிது. இனப்பெருக்கம் செய்பவை பதினேழு ஆண்டுகள்வரை இருந்திருக்கின்றன. பாம்பும் பஞ்சமும் அண்டைக் கூட்டத்தாரும் இல்லாத கூண்டில்தான் ஊழியருக்கும் அரசிக்கும் ஒரே ஆயுள். 2021-இல் பிராடும் மற்றவர்களும் அகழெலியைப் பற்றி ஆய்வுலகிலேயே உலவும் 28 தொன்மங்களைப் பட்டியலிட்டு ஒரு நெடுங்கட்டுரை எழுதினர். அவசர முடிவுகள் வியக்கத்தக்க அளவு நீண்ட ஆயுளோடு இருக்கின்றன என்ற குறும்பு அக்கட்டுரையின் தலைப்பிலேயே இருந்தது.

*

இந்த வரலாற்றில் நம்மைப் பெரிதும் ஈர்ப்பது மூலக்கூறுகள் அல்ல. ரூப்னரின் கோட்பாடும் ஹார்மனின் கோட்பாடும் தத்தம் காலத்தில் அறிவார்ந்தவை. ஆய்வகத்தில் பல முறை சோதிக்கப்பட்டவை. ஆனால் அவை பெரும்பாலும் குறுகிய ஆயுளுள்ள உயிர்களைக் கொண்டே சோதிக்கப்பட்டன. ஈயும் புழுவும் சுண்டெலியும் ஆய்வாளருக்கு வசதியானவை. மூன்றாண்டு நிதிக்குள் பிறந்து முதிர்ந்து இறந்துவிடும். விரைவாகச் சாகும் உயிர்களிடம் நீள்வாழ்வின் இரகசியத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பதை அகழெலி காட்டிக்கொடுத்தது.

அகழெலியின் ஆயுளை அறிய ஒரு மனிதரின் பணிக்காலம் முழுவதும் தேவைப்பட்டது. அதுவும் போதவில்லை. டாமன் குழுவின் ஐயத்துக்கு இறுதி விடை வேண்டுமென்றால், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த நூற்றுக்கணக்கான விலங்குகள் கொல்லப்படாமல், கலைக்கப்படாமல் நாற்பது வயதை எட்டுமா என்று பார்த்திருக்க வேண்டும். நிறுவனம் தன் திட்டத்தை மாற்றலாம், நிதி வற்றலாம், பதிவேடு எழுதுபவர் ஓய்வுபெறலாம். அப்போது அடுத்தவர் அதே ஏட்டைத் திறந்து அடுத்த வரியை எழுத வேண்டும்.

கொம்பெர்ட்ஸ் தம் விதியைக் கண்டது தாமே செய்த சோதனையால் அன்று. பிறர் பல்லாண்டுகள் பொறுமையாகக் குறித்துவைத்த பிறப்பு இறப்புப் பட்டியல்களை வைத்துத்தான் கண்டார். அப்பட்டியல்களை எழுதியோரின் பெயர்களை இன்று எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அவ்விதிக்கு உட்படாத ஒரு விலங்கு உண்மையில் இருக்கிறதா என்ற கேள்வியும் அதே வகைப் பொறுமையைத்தான் எதிர்பார்த்து நிற்கிறது.